தானாக வந்து தானாகப் போனவர்

‘சாட்சி வேளையில் ஒரு சகோதரர் ஒழுங்கு மீறிப் பேசினார். அவருக்காக ஜெபிக்கப்பட்டது. மற்றவை வழக்கம்போல்.’

எங்கள் சபையின் ஆராதனைக் குறிப்பேட்டில், அழகர் ஆற்றில் இறங்கியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. சபையின் வரலாற்றைத் தொகுக்கும் வேலையை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டவன் என்பதால் அந்தக் குறிப்பேடு இப்போது என் மேசையில் இருக்கிறது. முதல் வாக்கியம் பொய். சாட்சி வேளை என்பது, யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்வதற்கென்றே ஆராதனையில் ஒதுக்கப்பட்ட நேரம். அவர் எழுந்தார், நின்றார், தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னார். இதில் எந்த ஒழுங்கு மீறப்பட்டது? இரண்டாவது வாக்கியம் உண்மை. அதை நினைத்தால் இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆண்டையும் எழுதவில்லை. தேதி போடாமல் மளிகைச் சீட்டுகூட எழுதாத எனக்கு இது உறுத்தல்தான். ஆனால் அவர் மனைவி இன்னும் அதே சபையில், அதே வரிசையில் உட்காருகிறார். பெருந்தொற்று ஓய்ந்து கூடுகைகள் மறுபடி தொடங்கிய காலம் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். சபை மதுரையில் கோச்சடைப் பக்கம் இருக்கிறது. பெரிய திருச்சபை எதிலும் சேராத, தகரக் கூரை போட்ட சிறிய சபை.

திருநகரில் அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்றால் ஒரு வெள்ளைக் காரும் அவரும்தான். நாற்பதைத் தாண்டிய பிறகு நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனது அவரிடம். பயிற்சிக் கார்களில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். மற்ற மாஸ்டர்கள் அதிலிருந்து காலை எடுக்கவே மாட்டார்கள். பாதி வண்டியை அவர்கள்தான் ஓட்டுவார்கள். படிப்பவன் தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு மீசையைத் தடவுவான். இவர் காலைப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். எனக்கு அது பயமாக இருந்தது.

ஒரு நாள் காலை திருமங்கலம் சாலையில் முன்னால் போன மினிபஸ் திடீரென்று ஒதுங்கி நின்றது. என் கால் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. ஆனால் கார் நின்றுவிட்டது. பெருமையாக அவரைப் பார்த்தேன்.

“நீங்க நிறுத்தல. நான் நிறுத்துனேன்” என்றார். “இன்னைக்கு வகுப்பு சேத்தியில்ல. நாளைக்கு வாங்க.”

“அரை மணி நேரமா ஓட்டியிருக்கேனேண்ணே!”

“என் கால் எப்ப அதுல பட்டுச்சோ, அப்ப இருந்து நீங்க சும்மா உக்காந்து வந்த ஆளு. அம்புட்டுத்தான்.”

இதுதான் அவர். ஒருவன் செய்ததை அவன் செய்ததாகவே வைத்துக்கொள்வார். செய்யாததை அவன் கணக்கில் ஏற்றமாட்டார். தன்னிடமும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் நம் ஊரில் யாரும் வரவில்லை என்று சொல்வதில்லை. பார்க்கலாம், கர்த்தருக்குச் சித்தமானால் வருகிறோம் என்பார்கள். அவர் பத்திரிகையைப் படித்துவிட்டு ‘வாரேன்’ என்பார், அல்லது ‘வரல’ என்பார். சபையில் ஒருவர் தன் மகன் கல்யாணத்துக்கு அழைத்தபோது ‘வரல’ என்றார்.

“ஏண்ணே, அன்னைக்கு எதுவும் சோலியா?”

“சோலி ஒண்ணுமில்ல. வரல.”

அந்த மனிதர் நெடுநாள் இவரோடு பேசவில்லை. ஆனால் என் புது வீட்டுக்குக் குடிபுகும் பிரதிஷ்டை ஜெபத்தன்று பேய்மழை பெய்து, சொல்லி வைத்த பாதிப் பேர் வராமல் போனபோது, முழங்கால் வரை நனைந்த பேண்டோடு வாசலில் வந்து நின்றவர் அவர். “வாரேன்னு சொன்னேன்ல” என்றார். துண்டு கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் உப்பு கூடுதல் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நெல் விவசாயக் குடும்பம் அவருடையது. சபைக்குப் பிறப்பால் வந்தவர் அல்ல. கல்யாணத்துக்காக வந்தவரும் அல்ல. விசுவாசக் குடும்பத்துப் பெண்ணை அவர் மணந்தது ஞானஸ்நானம் எடுத்த பிறகு. சபைக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் அவரை நிறுத்தி, அப்போது சபையை நடத்திவந்த மூப்பர் மூன்று முறை கேட்டாராம், விசுவாசிக்கிறாயா என்று. முதல் இரண்டு முறையும் ஆமா என்றவர், மூன்றாவது முறை, “ஐயா, முதல்ல சொன்னது காதுல விழுகலையா?” என்று கேட்டிருக்கிறார். கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “மூப்பரும் சிரிச்சாரு. அதுக்குப் பதிலா என்னைத் தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் கூடுதலா அமுக்கிப்பிட்டாரு” என்று அவரே சொல்வார். அந்த மூப்பர் மேல் அவருக்கு அளவில்லாத மரியாதை இருந்தது. பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை மேலூர் வரை ஓட்டிப் பழகலாம் என்று என்னை அழைத்துப் போனார். பேருந்து நிலையத்துக்கு அருகில் நிறுத்தச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். “இதுக்கு மேல நம்ம ஊருக்குத்தான் ரோடு. அங்க வேண்டாம். திருப்புங்க” என்றார். திரும்பி வரும் வழியில்தான் அவர் அப்பா இறந்த கதையைச் சொன்னார்.

அவர் மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். செய்தி வந்ததும் மூப்பரிடம் போய்க் கேட்டிருக்கிறார். மூப்பர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: அந்தச் சடங்கில் கை வைத்தால் இரட்சிப்பை இழந்துபோவாய். அது உன் சித்தம். தேவன் உன்னைத் தடுக்கமாட்டார். ஆனால் போனது போனதுதான். அவர் ஊருக்குப் போனார். சுடுகாட்டில் ஓரமாக நின்றார். தம்பி தோளில் குடத்தோடு சுற்றி வந்தபோது ஒவ்வொரு சுற்றிலும் இவரைப் பார்த்தானாம், இப்போதாவது வந்து வாங்கிக்கொள்ள மாட்டாரா என்று. இவர் அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட ஒரே கேள்வி, “உனக்கு உங்கப்பன் அம்புட்டுத்தானாடா?”

“நீங்க என்னண்ணே சொன்னீக?”

“ஒண்ணும் சொல்லல. தொட்டியில ஆமான்னு சொல்லிட்டு வந்தவன். சொன்ன சொல்லு இருக்குல்ல.” கொஞ்ச தூரம் போனபின், “கியரை மாத்துங்க, இரையுது” என்றார்.

புதுப் பாஸ்டர் வந்தது மூப்பருக்கு வயதான பிறகு. இளைஞர், வெளிமாநிலத்தில் இறையியல் படித்தவர், நன்றாகப் பேசுவார். வந்த சில மாதங்களில் இரட்சிப்பை இழக்க முடியுமா என்று தொடர் பிரசங்கம் செய்தார். முடியாது என்பது அவர் பக்கம். இந்த வழக்கு கோச்சடையில் தொடங்கியதல்ல. நூற்றாண்டுகளாக மெத்தப் படித்தவர்கள் இரு பக்கமும் நின்று எழுதியிருக்கிறார்கள். கிடைத்தவரை நானும் படித்திருக்கிறேன். தேவன் கையிலிருந்து ஒருவரும் பறிக்க முடியாது என்பதற்கும் வசனம் இருக்கிறது. ருசிபார்த்த பின் விழுந்துபோகிறவர்களைப் பற்றிய எச்சரிக்கையும் அதே வேதத்தில் இருக்கிறது. பறிக்க முடியாது சரி, தானாகக் குதித்தால் என்ற கேள்வியில்தான் இரண்டு பக்கமும் முட்டிக்கொள்கின்றன. அதைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை.

குறிப்பேட்டில் இருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் இப்படி முடித்தார்: “டிரைவிங் கத்துக்கிறவன் பக்கத்துல மாஸ்டர் உட்கார்ந்திருக்கார். மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கு. நீ எவ்வளவு தப்பா ஓட்டினாலும் அவர் உன்னைச் சாக விடமாட்டார். நம்ம பிரதர்கிட்ட கேட்டுப் பாருங்க! என்ன பிரதர், சரிதானே?”

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சாட்சி வேளை வந்ததும் எழுந்தார்.

“பாஸ்டர், ஒரு சந்தேகம். இரட்சிக்கப்பட்டவன் என்ன செஞ்சாலும் அது போகாதா?”

“போகாது பிரதர்.”

“அப்பனுக்குக் கொள்ளி வச்சாலும்?”

பாஸ்டருக்குப் பழைய கதை தெரியாது. “அது சரியில்லைதான். ஆனா அதனால இரட்சிப்பு போயிடாது.”

அவர் முன்வரிசையில் இருந்த மூப்பர் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்க போயிரும்னு சொன்னீக.”

மூப்பர் தரையைப் பார்த்தார். காது கேட்கவில்லை என்று நினைக்க எனக்கு ஆசைதான். ஆனால் அன்று முழுப் பிரசங்கத்துக்கும் சரியான இடங்களில் ஆமென் சொன்னவர் அவர். விஷயம் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்ட பாஸ்டர் குறுக்கே வந்தார். “பிரதர், அன்னைக்கு நம்ம சபைக்கு இருந்த வெளிச்சம் அவ்வளவுதான். தேவன் இப்போ கூடுதல் வெளிச்சம் தந்திருக்கார்.”

“வெளிச்சமா?” என்றார் அவர். “எங்கப்பன் எரிஞ்ச வெளிச்சத்துல நான் நின்னுக்கிட்டிருந்தேன் பாஸ்டர்.”

பாஸ்டர் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்.

“போகும், போகாது, ரெண்டுல எது சரின்னு நான் கேக்கல. அது உங்க பாடு. அன்னைக்குத் தப்பாச் சொல்லிப்பிட்டோம்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. இல்ல, இன்னைக்குத் தப்பாச் சொல்றோம்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு.”

யாரும் சொல்லவில்லை. பாஸ்டர், “ஜெபிப்போம்” என்றார்.

“அப்ப நான் போறேன்” என்றார் அவர். “என்னை யாரும் தள்ளல. பிசாசு பிடிக்கல. நானா வந்தேன், நானா போறேன்.”

பாஸ்டர் கனிவாகச் சிரித்தார். “உங்களால போக முடியாது பிரதர். அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிட்டிருந்தேன்!”

சபை சிரித்தது. குழந்தை உளறினால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அவர் வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி, நான் மதினி என்று அழைப்பவர், பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். சபை கண்ணை மூடி ஜெபித்தது. குறிப்பேடு சொல்லும் ஜெபம் அதுதான். ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்கச் சொன்னான். அதற்குப் பதிலாக அவனுக்காக ஜெபித்தார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து சுகவீனர் பட்டியலில் அவர் பெயரை வாசித்தார்கள். சர்க்கரை நோயால் கால் புண்ணானவர், முட்டி ஆபரேஷன் செய்தவர், அவர்களுக்கு அடுத்து இவர். மதினி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். நான் திருநகருக்குப் போனபோது காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“வாங்க. சுகவீனம் விசாரிக்க வந்தீகளாக்கும்? ஆரஞ்சுப் பழம் எங்க?”

“விளையாடாதீகண்ணே. இனி என்ன, ஊர்க் கோயிலுக்குப் போகப் போறீகளா?”

“எந்தக் கோயிலுக்கு? அதையும் விட்டேன், இதையும் விட்டேன். நடுரோட்டுல டிராஃபிக் போலீஸ் மாதிரி நிக்கிறேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன். நான் ஆமான்னு சொன்னப்ப, புத்தியோட சொல்றான்னு எடுத்துக்கிட்டீக. இல்லன்னு சொன்னா மட்டும் எனக்குச் சீக்கா?”

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டு ஆராதனையில் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம் அந்த ஆண்டுக்கான தேவனுடைய வாக்கு. அந்தப் புத்தாண்டில் அவருக்காக மூப்பரே ஓர் அட்டையை எடுத்து மதினியிடம் கொடுத்தனுப்பினார். ஒருபோதும் கைவிடமாட்டேன் என்ற பொருள் கொண்ட வசனம். எல்லோரும் பரவசப்பட்டார்கள். அட்டை மறுநாளே திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் அவரே. உள்ளே நுழையாமல் வாசலில் என்னிடம் கொடுத்தார். “வராத ஆளுக்கு எப்படி எடுப்பீக? எடுத்தது யார் கை? அவுகளே வச்சுக்கிறட்டும்.” அதற்கடுத்த புத்தாண்டிலும் எடுத்தார்கள். அதுவும் திரும்பி வந்தது.

இதற்கிடையே வாலிபர் கூட்டத்தில் மூப்பர் அவரையே உதாரணமாகக் காட்டி, விழுந்துபோனவன் கதி இதுதான் என்று எச்சரித்தார். மேடையில் பாஸ்டர், அவர் போகவே முடியாது என்றார். அவர் திரும்பாமல் மாதங்கள் போகவே பாஸ்டருக்கும் சங்கடம். ஒரு ஞாயிறு இன்னொரு வசனத்தை எடுத்தார்: விட்டுப் போகிறவர்கள் முதலிலேயே நம்மவர்களாக இருந்ததில்லை. அதாவது அவர் இரட்சிக்கப்படவே இல்லையாம். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை.

இதை நான்தான் போய்ச் சொன்னேன். அதுவரை எதையும் கேலியாகவே எடுத்துக்கொண்டவர் அன்று ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சாலையைப் பார்த்தார்.

“அப்ப அந்தத் தொட்டியில இறங்குனது யாரு?” என்றார். “எங்கம்மா கேட்டப்ப பதில் சொல்லாம நின்னது யாரு? போனதுதான் இல்லைன்னாக. இப்ப வந்ததும் இல்லையா?”

எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான். இரட்சிப்பு போகுமா போகாதா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடட்டும். தங்கள் வாதம் நிற்பதற்காக ஒரு மனிதன் செய்த ஒவ்வொன்றையும் அவன் செய்யவில்லை என்று எழுத இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அவர் தன் அப்பாவை அல்லவா அந்த ஆமாவுக்காகக் கொடுத்தார்?

நுரையீரல் நோய் வந்து அவர் படுத்தது ஒரு கார்த்திகை மாதத்தில். மருத்துவமனைக்குப் போகும் முன்பே மதினியையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். “என்னைப் புதைக்கக் கூடாது. எரிச்சிருங்க. பாட்டு, ஜெபம் வேணாம். சங்கு, மேளமும் வேணாம். தம்பி வந்து தீ வைக்கட்டும். அம்புட்டுத்தான்.” மதினி அழுதார். “அழுதுக்க. ஆனா சரின்னு சொல்லு” என்றார். மதினி சரி என்றார். ஊரிலிருந்து வந்த தம்பியிடமும் சொன்னார்: “மாடா உழைச்சுக் கருத்துப் போயிட்டியேடா. எனக்கும் நீதான் வைக்கணும், பாத்துக்க.”

அவர் இறந்தது மார்கழி முதல் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. அன்று காலை பாஸ்டர் வந்து பார்த்தாராம். மூச்சுக்கு முகமூடி மாட்டியிருந்ததால் அவரால் பேச முடியவில்லை. மறுபடியும் ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறீர்களா, ஆமென்றால் என் கையை அழுத்துங்கள் என்று பாஸ்டர் கேட்டாராம். அவர் அழுத்தினாராம்.

ஆகவே அடக்கம் சபைக் கல்லறையில். பாட்டு, ஜெபம், எல்லாம். தம்பி கல்லறை கேட்டுக்கு வெளியே நின்றார். “எங்கண்ணன் என்கிட்டச் சொல்லியிருக்குங்க. நீதான்டா வைக்கணும்னுச்சு” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். சபை நிர்வாகத்தில் உதவும் டீக்கன் ஒருவர் அவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து உட்காரச் சொன்னார். நான் பாஸ்டரிடம் போனேன். போகவே முடியாதவர் எங்கிருந்து திரும்பினார் என்று கேட்டேன். முதலிலேயே நம்மவர் இல்லையென்றால் ‘மறுபடியும்’ என்று எப்படிக் கேட்டீர்கள் என்று கேட்டேன். “பிரதர், இது விவாத நேரமில்ல. சந்தோஷப்படுங்க” என்றார். மூப்பர் பிரசங்க பீடத்தில் ஏறி, காணாமல் போன ஆடு கிடைத்தது என்று அழுதார். உண்மையாகவே அழுதார். அந்த அழுகையில் பத்தில் ஒரு பங்கை அந்தச் சாட்சி வேளையில் காட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

விசாரிக்காமல் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. பாஸ்டரோடு போன டீக்கனைக் கேட்டேன். அவர் வார்டுக்கு வெளியே போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று பணியில் இருந்த நர்ஸைக் கண்டுபிடித்துக் கேட்டேன். “வந்தாங்க, ஜெபம் பண்ணாங்க, போனாங்க. கையையெல்லாம் யாரு சார் பாத்தா?” என்றார். மதினி அந்த நேரத்தில் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார்.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை மதினியைப் பார்க்கப் போனேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்தார்.

“சரின்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணிப்பிட்டாளேன்னுதான நினைக்கிறீக?”

“இல்ல மதினி. கையை அழுத்துனாரான்னு கேக்க வந்தேன்.”

“எனக்கும் அழுத்துவாரு தம்பி. தண்ணி வேணும்னா அழுத்துவாரு. வலிச்சா அழுத்துவாரு. நான் எந்திரிச்சாப் போகாதன்னு அழுத்துவாரு. எது எதுக்குன்னு எனக்குத் தெரியும். நான் அங்க இல்லையே.” தொடர்ந்து சொன்னார்: “பாஸ்டர் வந்து சொன்னதும் நான் நம்பிட்டேன். நம்பணும் போல இருந்துச்சு. நாளைக்கு நானும் அவர் பக்கத்துலதான படுக்கணும்?”

அவரை என்னால் கோபிக்க முடியவில்லை. பாஸ்டர் பொய் சொன்னார் என்று எழுதவும் கை வரவில்லை. ஒருவேளை அந்தக் காலையில் அவர் உண்மையிலேயே, யாரும் தள்ளாமல், தானாக ஆமா என்று சொல்லியிருந்தால்? என் கோபத்துக்கு வசதியாக இல்லை என்பதற்காக அதை நான் அடித்துவிட்டால், இத்தனை நாள் அவர்கள் செய்ததைத்தான் நானும் செய்தவனாவேன்.

சபை வரலாற்றில் அவருக்கான பத்தியை இப்போதைக்கு இப்படி முடித்திருக்கிறேன்: செவ்வாய்க்கிழமை காலை அவர் கையை அழுத்தினார் என்பது பாஸ்டர் ஒருவருடைய கூற்று. அழுத்தினாரா, அழுத்தியிருந்தால் எதற்கு என்பது இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.